ஏர்பிரஷை எதைக் கொண்டு கழுவுவது? தண்ணீர், கிளீனர், தின்னர், அல்ட்ராசோனிக்: ஓர் ஒப்பீடு

காற்றின் விசையால் வண்ணத்தை நுண்துளிகளாகத் தெளிக்கும் ஏர்பிரஷை வாங்கும்போது, காற்றைத் தரும் கம்ப்ரசர் எது நல்லது, ஊசி 0.2 மி.மீ. வேண்டுமா 0.3 மி.மீ. வேண்டுமா என்று பலரிடம் விசாரிப்பவர்கள்கூட, அதை எதைக் கொண்டு கழுவுவது என்று கேட்பதில்லை. வண்ணம் வெளிவரும் நுனித்துளையான நாசில் முதன்முறையாக அடைத்துக்கொண்டு, பாதி வண்ணம் ஏறிய மாடலின் மேல் துளித்துளியாகத் தெறிக்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது கிடைக்கும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. தண்ணீரே போதும் என்பார் ஒருவர். பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தவிர வேறெதுவும் வேலைக்கு ஆகாது என்பார் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் முழுவதும் பிரித்துக் கழுவாவிட்டால் கருவி வீணாகிவிடும் என்பது மூன்றாமவரின் கட்சி.

மூவர் சொல்வதும் அவரவர் அடிக்கும் வண்ணத்துக்குச் சரியே. பிளாஸ்டிக் விமான மாடலுக்கு லேக்கர் அடிப்பவரும், மதுரையை அடுத்த விளாச்சேரியின் மண்பொம்மைக்குக் கொலுவுக்கு முன் அக்ரிலிக் அடிப்பவரும் ஒரே மாதிரி ஏர்பிரஷை வைத்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய கழுவும் முறை ஒன்றாக இருக்க முடியாது. விலையையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன், எந்த வண்ணம், அது உள்ளே எவ்வளவு நேரம் கிடக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், வண்ணத்தின் வேதியியல். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணங்களில், வல்லேஹோ போன்ற பிராண்டுகள் உட்பட, பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுகின்றன. அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. டமியா என்ற நிறுவனத்தின் அக்ரிலிக் ஆல்கஹாலில் கரையக்கூடியது. காய்ந்த பிறகும் அதை இளக்கிவிடலாம். லேக்கர் தனக்குரிய தின்னரில் எப்போது வேண்டுமானாலும் கரையும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவதால், ஈரமாக இருக்கும்போது டர்பன்டைன் போதும், இறுகிய பிறகு வலிமையான தின்னர் வேண்டும்.

இரண்டாவது, கருவியின் உடல். பெரும்பாலான ஏர்பிரஷ்கள் பித்தளையில் செய்து நிக்கல் அல்லது குரோமியம் பூசப்பட்டவை. உள்ளே ஊசியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஒரு பேக்கிங்கும், சில இடங்களில் ஓ-ரிங்குகள் என்னும் வளையங்களும் இருக்கும். தரமானவற்றில் பேக்கிங் டெஃப்லானால் ஆனது, எந்தத் தின்னருக்கும் அசையாது. மலிவான நகல்களில் அது பெரும்பாலும் சாதாரண ரப்பர். தின்னர்களில் கலந்திருக்கும் அசிட்டோனும் டொலுயீனும் பட்டால் ஊதிப்போகும்.

மூன்றாவது, மூச்சில் சேரும் ஆவியும் தீ அபாயமும். நான்காவது, பாட்டிலின் விலையோடு நின்றுவிடாத முழுச் செலவு. ஒரு தரமான நாசிலின் விலைக்கு மலிவான நகல் ஏர்பிரஷ் ஒன்றையே வாங்கிவிடலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், தவறான முறையில் மிச்சம் பிடிக்கும் தொகை எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

ஐந்தாவது, மதுரையின் வெயில். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியும் சில நாட்களில் அதைத் தாண்டியும் போகும்போது, நீர் கலந்த வண்ணம் ஊசி முனையில் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுகிறது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தரும் அவகாசம் இங்கே கிடையாது. நடுவில் மின்சாரம் போய்விட்டால் காற்றுத் தொட்டி இல்லாத கம்ப்ரசர் அப்படியே நின்றுவிடும், வண்ணமும் உள்ளேயே இறுகும். தொட்டி உள்ளதாக இருந்தால் மிச்சக் காற்றில் ஒரு முறை அலசிவிடலாம். கழுவும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் வண்ணம் | கருவிக்கு | உடலுக்கும் வீட்டுக்கும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| தண்ணீரும் சோப்பும் | ஈரமான நீர் அக்ரிலிக் | தீங்கில்லை | தீங்கில்லை | உப்புப் படிவு. தாமதித்தால் பயனில்லை |
| ஏர்பிரஷ் கிளீனர் | நீர் அக்ரிலிக், அரைகுறையாகக் காய்ந்தது உட்பட | பெரும்பாலும் பாதுகாப்பு | சன்னல் திறந்திருந்தால் போதும் | விலை. தபாலில் வர ஆகும் நாட்கள் |
| ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) | டமியா வகை. நீர் அக்ரிலிக்குக்கு இரண்டாம் கட்டம் | குறுகிய நேரத்துக்குச் சரி | எளிதில் தீப்பற்றும் | வரிசை மாறினால் வண்ணம் திரிந்து பசையாகும் |
| என்.சி. தின்னர் | லேக்கர், எனாமல், இறுகிய அக்ரிலிக் | ரப்பரைக் கெடுக்கும் | நச்சு ஆவி, தீ அபாயம் | முகமூடி, கையுறை, கழிவு |
| அல்ட்ராசோனிக் (அதிர்வால் கழுவும் தொட்டி) | பிரித்த உலோகப் பாகங்களில் இறுகியது எதுவும் | பூச்சு உரியக்கூடும் | நீர் மட்டும் ஊற்றினால் தீங்கில்லை | இயந்திரத்தின் விலை |

## தண்ணீரும் சோப்பும்

நீர் அக்ரிலிக் அடிப்பவருக்கு, வண்ணம் மாற்றும் இடைவேளைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை. கருவியின் வண்ணக் கிண்ணமான கப்பில் மிச்சமிருக்கும் வண்ணத்தை வெளியே ஊற்றிவிட்டு, தண்ணீர் விட்டுத் தூரிகையால் கப்பின் அடியைத் தேய்த்து, தெளிவான நீர் வரும்வரை ஊதினால் ஓரிரண்டு நிமிடத்தில் வேலை முடியும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும் வரிசையில் வேலையை அமைத்துக்கொண்டால் இந்த அலசலே போதுமானது.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் கவனம் வேண்டும். நகரின் பல பகுதிகளில் வீட்டுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர், அதில் உப்பு அதிகம். குழாயின் வாயில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, 0.2 மி.மீ. துளையிலும் படியும். மூடிவைத்த கருவிக்குள் கடைசித் துளி ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்குகிறது. எனவே அலசுவதற்குக் குழாய் நீரைப் பயன்படுத்தினாலும், கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி. கேன் தண்ணீர் அதற்கு அடுத்தபடி.

ஏற்கெனவே படிந்த உப்பை நீக்க, பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போல எலுமிச்சையோ புளியோ போடலாமே என்று நம் ஊரில் தோன்றுவது இயல்பு. அமிலம் சுண்ணாம்பைக் கரைப்பது உண்மைதான். ஆயினும் பூச்சு தேய்ந்த இடங்களில் அது பித்தளையையும் அரிக்கும். நீர்த்த வினிகரில் நாசிலை மட்டும் சில நிமிடங்கள் வைத்து, உடனே நல்ல நீரில் அலசிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இம்முறை தோற்கும் இடம் ஒன்றுதான்: வண்ணம் காய்ந்த பிறகு. அதற்கு மேல் தண்ணீரில் ஊறவைப்பது வீண் காத்திருப்பு.

## ஏர்பிரஷ் கிளீனரும் ஐ.பி.ஏ.வும்

வண்ண நிறுவனங்களே விற்கும் கிளீனர்கள் தத்தம் அக்ரிலிக்குக்கு ஏற்றபடி தயாரிக்கப்பட்டவை. அரைகுறையாகக் காய்ந்த படலத்தையும் இளக்குகின்றன, ரப்பருக்கும் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. அவற்றின் குறை விலையும் கிடைக்கும் விதமும். மதுரையில் கடைக்குப் போய் வாங்குவதைவிட இணையத்தில் வரவழைப்பதே நடைமுறை என்பதால், தீர்ந்த நாளில் வேலை நின்றுவிடும். கப்பு கப்பாக ஊற்றி ஊதித் தீர்ப்பதைவிட, தண்ணீரால் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, கடைசியில் சில துளி கிளீனரைக் கப்பில் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து ஊதினால், ஒரு சிறு பாட்டில் பல மாதம் வரும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைக்காரர்கள் சொல்லும் ஐ.பி.ஏ., இங்கே எளிதாகக் கிடைக்கும் மாற்று. கைப்பேசி பழுது பார்ப்பவர்கள் சர்க்யூட் பலகையைத் துடைக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். டமியா அக்ரிலிக்கை மட்டும் அடிப்பவர் வேறெதையும் தேட வேண்டாம். நீர் அக்ரிலிக் அடிப்பவர் ஒரு விதியை மறக்கக் கூடாது: ஈரமான வண்ணத்தின் மேல் ஐ.பி.ஏ.வை நேராக ஊற்றக் கூடாது. பல நீர் அக்ரிலிக்குகள் ஆல்கஹால் பட்டதும் திரிந்து, ரப்பர் போன்ற பசையாகி, அலசினால் போயிருக்க வேண்டிய வண்ணத்தை நாசிலுக்குள் அடைத்துவிடும். முதலில் தண்ணீர், தெளிந்த பிறகு ஐ.பி.ஏ. என்ற வரிசை மாறவே கூடாது.

கண்ணாடி துடைக்கும் திரவத்தை ஊற்றும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அதில் அம்மோனியா இருந்தால், ஊதி அலசுவதோடு நிறுத்தினால் பாதகமில்லை, ஆனால் பாகங்களை அதில் ஊறவைப்பது கூடாது. பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள பகைமை நம் நாட்டோடு தொடர்புடையது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தின்போது குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. இழுவிசையில் இருக்கும் பித்தளையில்தான் இந்த வெடிப்பு வரும். மரை திருகி இறுக்கிய சின்னஞ்சிறு நாசிலின் கழுத்து அப்படிப்பட்ட இடம்.

## என்.சி. தின்னர்

பெயின்ட் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைப்பது, எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் வலிமை. லேக்கர் அடிப்பவருக்கு இதற்கு மாற்று என்று தேடுவது தேவையற்றது: வண்ணம் இதிலேயே கரைந்திருப்பதால், இரண்டு கப்பு ஊதினாலே கருவி புதிதுபோல் ஆகிவிடும். இறுகிப்போன எனாமலையும் கைவிடப்பட்ட அக்ரிலிக்கையும் கிளப்பக்கூடியதும் இதுவே. இவ்வளவு நல்லது செய்வதால்தான், நீர் அக்ரிலிக் மட்டும் அடிப்பவர்களும் இதையே தினசரி வழக்கமாக்கிக்கொள்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. காரணங்களை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தின்னரில் பெரும்பாலும் டொலுயீன், அசிட்டேட்டுகள், கீட்டோன்கள், ஆல்கஹால்கள் கலந்திருக்கும். கலவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொலுயீன் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. தலை கனப்பதும் குமட்டுவதும் அதன் தொடக்க அறிகுறிகள். ஏர்பிரஷ் செய்வதோ இந்தத் திரவத்தை மிக நுண்ணிய பனியாக்கி முகத்துக்கு முன்னால் பரப்புவது. துணியில் நனைத்துத் துடைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தூசிக்கான என்-95 முகமூடி வண்ணத்துகளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள, ஆவிக்கென்றே செய்யப்பட்ட முகமூடிதான் வேண்டும். அதன் வடிகட்டியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். நீல நிற நைட்ரைல் கையுறை ஐ.பி.ஏ.வுக்குத் தாங்கும். அசிட்டோனும் டொலுயீனும் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடுவதால், நனைந்ததும் கழற்றி எறிந்துவிட வேண்டும்.

அடுத்தது தீ. டொலுயீனின் ஆவி சுமார் 4 டிகிரியிலும், ஐ.பி.ஏ.வின் ஆவி சுமார் 12 டிகிரியிலும், அசிட்டோனின் ஆவி உறைநிலைக்கு வெகு கீழேயும் தீப்பற்றக்கூடிய அளவை எட்டிவிடுகின்றன. மதுரையில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. ஆகவே இங்கே ஆண்டு முழுவதும், எந்த நேரத்திலும், திறந்த தின்னர் பாட்டில் தீப்பற்றும் நிலையிலேயே இருக்கிறது. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையோடு தவழ்ந்து போகின்றன. தரையில் ஏற்றிவைத்த விளக்கும் பக்கத்து அறையின் கேஸ் அடுப்பும் தொலைவில் இருப்பதாகத் தோன்றினாலும் தொலைவில் இல்லை. சிறுவர்களும் முதியவர்களும் புழங்கும், சன்னல் குறைந்த வீட்டில் இதை ஊதிக் கழுவுவது எந்த மாடலுக்காகவும் தகாது. மொட்டைமாடியில், மாலை வெயில் தணிந்த பிறகு செய்யலாம்.

மூன்றாவது, ரப்பர். நகல் ஏர்பிரஷ் வைத்திருப்பவர் கருவியை முழுதாகத் தின்னரில் மூழ்கவைத்தால் பேக்கிங் ஊதி, ஊசி இறுகி, பிறகு சுருங்கிக் கசியத் தொடங்கும். ட்ரிக்கரின் அடியில் வண்ணம் கசிவது அதன் அடையாளம். உலோகப் பாகங்களை மட்டும் கழற்றி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் ஊறவைத்தால் இந்தச் சேதம் இல்லை, ஆவியும் அடங்கியிருக்கும். நீர் அக்ரிலிக்காரருக்குத் தின்னரின் சரியான இடம் அதுதான்: எப்போதாவது, ஊறவைப்பதற்கு மட்டும்.

## அல்ட்ராசோனிக் தொட்டி

தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளுக்கு வேலை செய்யும் பட்டறைகளுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கும் அறிமுகமான கருவி இது. பொதுவாக விநாடிக்கு 40,000 அளவில் அதிரும் தகடு, நீரில் நுண்குமிழ்களை உண்டாக்கி உடைக்கிறது. அந்த உடைப்பின் விசை, எந்தத் தூரிகையும் நுழையாத துளைக்குள் சென்று அழுக்கைப் பெயர்க்கிறது. வெதுவெதுப்பான நீரும் ஒரு துளிப் பாத்திரச் சோப்பும் போதும். தின்னரையோ ஐ.பி.ஏ.வையோ தொட்டியில் ஊற்றுவது தீயை அழைப்பதாகும்.

இருந்தும், இதை முதலில் வாங்கச் சொல்ல மாட்டேன். ஈரமாக இருக்கும்போதே கழுவுபவருக்கு இதன் தேவை அரிது. பூச்சு ஏற்கெனவே உரியத் தொடங்கிய மலிவான உடலை உள்ளே போட்டால் உரிதல் விரைவாகும். ஊசியை ஒருபோதும் போடக் கூடாது. அதிர்வில் தொட்டியின் சுவரில் மோதி முனை வளையும். நாசிலையும் மூடிகளையும் கூடையிலோ வலையிலோ தொங்கவிட்டு, சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். பொம்மைத் தொழில் செய்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட ஏர்பிரஷை நாள்தோறும் ஓட்டுபவர், பழைய கருவிகளை வாங்கிச் சீரமைப்பவர் ஆகியோருக்கு இந்தச் செலவு நியாயமானது.

## எவ்வளவு தூரம் பிரிப்பது?

திரவத்தைவிட இந்தக் கேள்வியில்தான் அதிகக் கருவிகள் பாழாகின்றன. அழுக்கினால் கெட்ட நாசிலை ஊறவைத்து மீட்டுவிடலாம். பிரித்து மாட்டும்போது பிளந்த நாசிலை மீட்க வழியில்லை.

ஒரு தரப்பு, வேலை முடிந்ததும் அலசினால் போதும், பிரிக்கவே வேண்டாம் என்கிறது. இன்னொரு தரப்பு ஒவ்வொரு முறையும் கடைசி மரை வரை கழற்றுகிறது. என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில், முதல் தரப்புக்குச் சற்று அருகில் இருக்கிறது. வேலை முடிந்ததும் தெளிவாக அலசி, ஊசியை மட்டும் பின்பக்கமாக உருவி, கிளீனர் நனைத்த துணியால் அடியிலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் துடைத்து, மென்மையாகத் திரும்பச் செருகினால் அன்றாடத் தேவை நிறைவேறுகிறது. உருவுவதற்கு முன் அலசுவது முக்கியம். வண்ணம் அப்பிய ஊசியை இழுத்தால் அந்த வண்ணம் பேக்கிங்கில் ஒட்டி, அடுத்த வாரம் ட்ரிக்கரை இறுக்கும். திரும்பச் செருகும்போது நாசிலைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளும் ஒரு விரல் அழுத்தமே நாசிலின் வாயை விரித்துப் பிளப்பது.

நாசிலைக் கழற்றுவது கருவியின் அமைப்பைப் பொறுத்தது. ஹார்டர் ஸ்டீன்பெக் போன்ற பிராண்டுகளில் நாசில் மரையில்லாமல் தானாக அமர்வது. அடிக்கடி கழற்றினாலும் பாதகமில்லை. இவாட்டா நிறுவனத்தின் பல மாடல்களிலும் அவற்றைப் பார்த்துச் செய்த நகல்களிலும் நாசில் நுண்ணிய மரையோடு சிறு ஸ்பானரால் திருகப்படுவது. சற்று அதிகமாக இறுக்கினால் கழுத்து முறிந்து, மரைப்பகுதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட கருவியில் அறிகுறி தோன்றினால் மட்டும் கழற்றுவது, மற்றபடி மாதத்துக்கொரு முறை என்பதே போதுமான ஒழுங்கு. கழற்றும்போது கீழே விளிம்புள்ள ஒரு தட்டை வைத்துக்கொள்வது அவசியம். நாசிலில் இரும்பு இல்லாததால், தரையில் விழுந்தால் காந்தத்தால்கூடத் தேட முடியாது.

அறிகுறிகள் பொய் சொல்வதில்லை. கப்பில் குமிழி எழுந்தால், நாசில் சரியாக அமரவில்லை அல்லது வெடித்திருக்கிறது. தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி முனை வளைந்திருக்கிறது; நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தால் கீறும். காற்று வருகிறது, வண்ணம் வரவில்லை என்றால் முனையில் காய்ந்திருக்கக்கூடும். அதற்குப் பிரிக்க வேண்டியதில்லை, ஈரப் பஞ்சால் முனையைத் துடைத்தால் போதும். கோடையில் வண்ணத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டரை ஓரிரு துளி கலப்பதும், மின்விசிறியை நிறுத்துவதும் இந்தக் கடைசித் தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

ஊசிக்கு மசகு வேண்டுமென்றால் மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; மார்கழியில் உறைந்து ட்ரிக்கரைப் பிடிக்கும், வண்ணத்தோடு கலந்தால் பரப்பில் குழிகள் விழும்.

## யாருக்கு எது

நீர் அக்ரிலிக் மட்டும், விடுமுறை நாட்களில் மட்டும் என்றால் தண்ணீரும் சிறிது கிளீனரும், வேலை முடிந்ததும் ஊசித் துடைப்பும் போதும். டமியா வகையென்றால் கிளீனரின் இடத்தில் ஐ.பி.ஏ. வரும். லேக்கரோ எனாமலோ அடிப்பவருக்குத் தின்னர் தவிர்க்க முடியாதது. கரி முகமூடியின் விலையை அதன் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டு பாகம் கலந்து இறுகும் வார்னிஷ் அடிப்பவருக்கு மட்டும் மேலே சொன்ன நடுவழி பொருந்தாது. அது கப்பிலேயே வேதிவினையால் கெட்டிப்படுவதால், வேலை முடிந்த அந்த நிமிடமே அதற்குரிய தின்னரால் அலசி, முழுவதும் பிரித்தே ஆக வேண்டும். கொலுவுக்கு முன் சில வாரங்கள் மட்டும் ஓட்டிவிட்டு ஆண்டு முழுவதும் மூடிவைப்பவர், கடைசி நாளில் பிரித்துக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நன்கு உலரவிட்டு, ஊசி நாசிலைத் தொடாதபடி சற்றுப் பின்னிழுத்து வைக்கலாம்.

கழிவைப் பற்றியும் எந்த வழிக்கும் பொதுவாகச் சொல்லியாக வேண்டும். தின்னர்க் கழிவை வாசல் சாக்கடையில் ஊற்றினால் அது கிருதுமால் நதிக்கோ வைகைக்கோதான் போய்ச் சேரும். அதை மூடியுள்ள பாட்டிலில் சில நாள் அசைக்காமல் வைத்தால் வண்ணம் அடியில் தங்கும். மேலே தெளியும் தின்னரை அடுத்த முறை முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம், செலவும் குறையும். அடியில் தங்கிய கசடை மரத்தூளிலோ பழைய செய்தித்தாளிலோ ஊறவிட்டு, திறந்தவெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் முழுவதும் உலர்ந்த பிறகு, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே கட்டி, தூய்மைப் பணியாளரிடம் என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.